இந்தக் காசை யார் தருகிறார்கள்? பிரிட்டன் நலவுதவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாஸ்கோவில் குறைந்த வருமானத்தில், ஒரு பிள்ளையோடு இருக்கும் ஒரு தாயின் வங்கி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். குறைந்த வருமானக்காரர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவி மாதம் ஒருமுறை வருகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 104.20 பவுண்டு வருகிறது. அதே நான்கு வாரக் கணக்கில் இன்னொரு 108.60 பவுண்டும் வருகிறது. இரண்டும் 2025-26 நிதியாண்டின் தொகைகள். முதல் பணம் லண்டன் அரசின் வேலை, ஓய்வூதியத் துறையான டிடபிள்யூபியிலிருந்து வருவது. இரண்டாவது சைல்டு பெனிஃபிட். அதை வரித்துறையான எச்எம்ஆர்சி தருகிறது. மூன்றாவது ஸ்காட்டிஷ் சைல்டு பேமென்ட்; அதைத் தருவது டண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்து.

ஒரே கணக்கில் விழும் பணம்தான், ஆனால் மூன்று அலுவலகங்கள். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. "நான் எந்த நாட்டில் இருக்கிறேன்?" என்று கேட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு பணத்துக்கும் தனித்தனியாக "இதைத் தருவது யார்?" என்று கேட்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் சில உதவிகளை மட்டும்தான் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசிடம் ஒப்படைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, பராமரிப்பாளர்களுக்கான உதவி, குளிர்காலச் சூடாக்கல் உதவி, ஈமச்சடங்குச் செலவு ஆகியவை அங்கே போயின. யூனிவர்சல் கிரெடிட், அரசு ஓய்வூதியம், வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட், சைல்டு பெனிஃபிட் எல்லாம் லண்டனிடமே இருக்கின்றன. ஆகவே ஸ்காட்லாந்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ஸ்காட்லாந்து அலுவலகத்துக்கே போன் போட்டால் பாதி நேரம் வீணாகும்.

மேலே சொன்ன அந்த 104.20, 108.60 இரண்டையும் திரும்பப் பாருங்கள். தொகையும் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் பிள்ளைக்கான பணம். "பிள்ளைக் காசுதான் ஏற்கெனவே வருகிறதே" என்று நினைத்து ஸ்காட்டிஷ் சைல்டு பேமென்ட்டுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது எளிது. எனக்கு மனம் வலிக்கும் தவறு இதுதான். யூனிவர்சல் கிரெடிட் கிடைத்தால் இது தானாக வந்துவிடாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். 2021 பிப்ரவரியில் வாரம் 10 பவுண்டாகத் தொடங்கிய உதவி இது. 2022 நவம்பரிலிருந்து 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விரிந்தது. 2025-26இல் ஒரு பிள்ளைக்கு வாரம் 27.15 பவுண்டு. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு மடங்கு. ஆறு மாதம் தள்ளிப்போட்டால் எவ்வளவு போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதை வாங்கினால் யூனிவர்சல் கிரெடிட் குறைந்துவிடுமோ என்று பயப்படுபவர்களும் உண்டு. குறையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடல்ட் டிஸெபிலிட்டி பேமென்ட்டும் அப்படித்தான். ஆனால் பராமரிப்பாளர்களுக்கான கேரர் சப்போர்ட் பேமென்ட் மட்டும் யூனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாகக் கழிக்கப்படும். "ஸ்காட்லாந்து தருவதெல்லாம் மேற்கொண்டு கிடைப்பது" என்று கணக்குப் போட்டு வாடகைக்கு ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.

அடுத்தது வீடு மாறுவது. பர்மிங்காமில் பிப் (மாற்றுத்திறனாளிகளுக்கு டிடபிள்யூபி தரும் உதவி) வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அபர்டீனுக்குக் குடிபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிட்டார். பணமும் வழக்கம்போல வருகிறது. சரி, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறார். ஆனால் பிப் 13 வாரம்தான் ஓடும். அதற்குள் அடல்ட் டிஸெபிலிட்டி பேமென்ட்டுக்குப் புதிதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனாலும் இதே 13 வாரம்தான், அப்போது பிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடிபோன பிறகும் பணம் வந்துகொண்டிருப்பதுதான் இதில் ஆபத்து. அந்த 13 வாரம் விண்ணப்பத்துக்கான அவகாசம் என்பது பலருக்கும் பணம் நின்ற பிறகுதான் புரிகிறது. புது விண்ணப்பத்தை முடிவு செய்யவும் நாள் பிடிக்கும். அதனால் சாமான்களைப் பிரித்து அடுக்கும் வாரத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். மருத்துவரின் கடிதங்கள், மருந்துப் பட்டியல், பழைய பிப் முடிவுக் கடிதம் மூன்றையும் பெட்டியின் அடியில் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்காட்டிஷ் சைல்டு பேமென்ட்டுக்கு இங்கிலாந்தில் ஈடான உதவியே கிடையாது. தெற்கே குடிபோனால் அது நின்றுவிடும், அதை நினைவில் வைத்துத்தான் குடும்பச் செலவைத் திட்டமிட வேண்டும்.

முகவரி, வேலை, வீட்டில் இருப்பவர்கள் என எது மாறினாலும் பணம் தரும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் உள்ள ஜர்னலில் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும்போது "அங்கே சொன்னேனே" என்ற பதில் கைகொடுக்காது.

ஒரு முடிவு தவறு என்று தோன்றினால், முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். டிடபிள்யூபி முடிவு என்றால் கேட்க வேண்டியது மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் என்ற மறுபரிசீலனை, அதைக் கேட்க ஒரு மாத அவகாசம். சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்து முடிவு என்றால் ரீடிடர்மினேஷன் என்ற மறுமுடிவு, அதைக் கேட்க 42 நாள். நாள் கணக்கைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வந்துகொண்டிருந்த அடல்ட் டிஸெபிலிட்டி பேமென்ட்டைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ, அதை எதிர்த்துக் கேட்கும் காலத்தில் பழைய தொகையை ஈடுகட்டும் ஷார்ட் டேர்ம் அசிஸ்டன்ஸ் என்ற உதவியைக் கேட்டு வாங்கலாம். கடைசியில் முடிவு நமக்கு எதிராகப் போனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பிப்பில் இப்படி ஒன்று இல்லை. லண்டனில் இருக்கும் உறவினர் "அப்பீல் போட்டு ஒன்றும் ஆகாது, அதுவரை எப்படிச் சாப்பிடுவாய்?" என்று சொல்வதைக் கேட்டு எதிர்க்காமலே விட்டுவிடாதீர்கள். அவர் அனுபவம் வேறொரு அமைப்பில் கிடைத்தது. உங்கள் உரிமை வேறு.

உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்கு வீட்டுக்காகக் கட்டும் வரியில் கிடைக்கும் கவுன்சில் வரிக் குறைப்பு எங்கேயும் யூனிவர்சல் கிரெடிட்டோடு சேர்ந்து வராது. கவுன்சிலிடம் தனியாகக் கேட்க வேண்டும். 2013லிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும் வேலை செய்யும் வயதினருக்குத் தன் விதியைத் தானே வகுக்கிறது. பக்கத்து ஊர்க்காரருக்குக் கிடைத்தது உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம்.

வட அயர்லாந்து தனிக் கதை. அங்கே சட்டப்படி நலவுதவி பெரும்பாலும் பெல்ஃபாஸ்ட் அரசின் கையில்தான். ஆனால் லண்டனோடு ஒத்துப்போகும் வழக்கம் இருப்பதால் பெயர்களெல்லாம் ஒன்றாகவே இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. யூனிவர்சல் கிரெடிட்டை அங்கே நடத்துவது கம்யூனிட்டீஸ் துறை, பணம் மாதம் இருமுறை வருவதே அங்கே வழக்கம். மான்செஸ்டரிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போனால் யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். வேல்ஸ் இதற்கு நேர்மாறு. தனி நாடாளுமன்றம் இருந்தாலும் முக்கிய உதவிகள் லண்டனிடமிருந்தே வருகின்றன. திடீர் நெருக்கடிக்கு மட்டும் கார்டிஃப் அரசின் டிஸ்கிரிஷனரி அசிஸ்டன்ஸ் ஃபண்ட் உண்டு. ஸ்காட்லாந்தில் அந்த வேலையைக் கவுன்சில்கள் நடத்தும் ஸ்காட்டிஷ் வெல்ஃபேர் ஃபண்ட் செய்கிறது.

அதிகாரம் பிரிந்துவிட்டதால் லண்டனில் எடுக்கும் முடிவு நம்மைத் தொடாது என்று நினைப்பதும் தவறுதான். ஒப்படைக்கப்பட்ட உதவிகளுக்கு, லண்டன் தன் பகுதியில் செலவிடுவதை ஒட்டியே எடின்பரோவுக்குப் பணம் வருகிறது. அதற்கு மேல் கொடுத்தால் சொந்த பட்ஜெட்டிலிருந்து போட வேண்டும். 2024 ஜூலையில் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியை லண்டன் சுருக்கியபோது, அந்தப் பணம் குறைந்துபோனதைக் காட்டி ஸ்காட்லாந்து அரசும் அந்தக் குளிர்காலத்துக்கு அப்படியே சுருக்கியது. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இரண்டு தலைநகரங்களின் பட்ஜெட் செய்திகளையும் கவனிப்பது நல்லது.

கடைசியாக விசா. இதில் தவறு நடந்தால் சரிசெய்வது மிகவும் கஷ்டம். குடிவரவு அதிகாரம் முழுவதும் லண்டன் உள்துறையிடமே இருக்கிறது. உங்கள் விசாவில் பொது நிதி உதவி கூடாது என்ற நிபந்தனை இருந்தால், ஸ்காட்லாந்தில் இருப்பதால் அது தளர்ந்துவிடாது. ஸ்காட்டிஷ் வெல்ஃபேர் ஃபண்டும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. கவுன்சில் ஊழியர் படிவத்தை நீட்டினாலும், விசா நிபந்தனையைப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் நிபந்தனை இருந்தாலும், பிள்ளை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்தாலும் விதி வேறுபடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போடாமல், பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் விசாக் கடிதத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.