மனசு பள்ளத்தில் கிடக்கும்போது அணைக்கணக்கு எழுதும் முறை

மழைக்காலத்தில் நெல்லைப் பக்கம் காலைப் பேப்பரைப் பிரித்ததும் பல பேர் முதலில் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். பாபநாசம் 143 அடியில் இன்றைக்கு எத்தனை, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. மட்டம், வரத்து, வெளியேற்றம் என்ற இந்த மூன்றை வைத்தே மனசுக்கும் கணக்கு எழுதலாம். துட்டி (சாவு) நடந்த வீட்டில் இருப்பவர், தொழில் நொடித்தவர், கல்யாணம் முறிந்து தாய்வீடு திரும்பியவர் என யாருக்கும் பொருந்தும். அணையைக் கட்டுவதும் பள்ளத்தாக்கில்தானே.

வேண்டியது 40 பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. செல்போனில் எழுத வேண்டாம். எழுதத் திறந்த போன் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

நாளுக்கு ஒரு வரி போதும். காலையில் எழுந்த அரை மணிக்குள் மட்டம், இரவு 8 மணிக்கு மறுபடி மட்டம். அளவு 0 முதல் 10 வரை. படுக்கையை விட்டு எழவே முடியாத நாள் 0. இந்தக் கஷ்டம் வருவதற்கு முன்னால் இருந்த ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை 10. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாளை 10 என்று வைத்துக்கொண்டால், தேறி வந்த பிறகும் 5-க்கு மேல் எழுதக் கை வராது.

காலை மட்டத்தை வைத்து நாளை எடை போடாதீர்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். வெயிலும் அங்கே பிந்தித்தான் எட்டும். மனச்சோர்விலும் பலருக்கு விடிகாலைதான் மிக மோசமான நேரம். காலை 2, இரவு 4 என்று ஒரு வாரம் தொடர்ந்து வந்தால், முடிவெடுக்கும் பேச்சு, வங்கி வேலை, உறவினரோடு கணக்குத் தீர்ப்பது எல்லாவற்றையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது வரத்து. ஒரு நாளைக்கு மூன்று சிறிய காரியம்: உடம்புக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஆளோடு ஒன்று. உடம்புக்கு என்றால் வாய்க்கால் கரையில் 10 நிமிட நடை. வீட்டுக்கு என்றால் நாலு டம்ளரைக் கழுவி வைப்பது. ஆளோடு என்றால் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசுவது; துக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை, தக்காளி விலையும் பேச்சுதான். மனசு வந்தால் செய்வோம் என்று காத்திருந்தால் நடக்காது. மனச்சோர்வில் வரிசை தலைகீழ்: செய்கை முன்னால், மனசு பின்னால். அதனால் நேரத்தையும் எழுதி வைத்துவிடுங்கள், ‘மாலை 5:15, நடை’ என்று. முடியும் என்று தோன்றுவதில் பாதியை மட்டும் எழுதுங்கள். இருபது நிமிடம் நடக்கலாம் போலிருந்தால் பத்து.

இதில் வழக்கமாக நேரும் கோளாறு நல்ல நாளில்தான் வருகிறது. ஒரு நாள் மட்டம் 6 தொட்டுவிட்டால், அன்றைக்கே வீடு முழுக்க ஒட்டடை அடித்து, மூன்று வீட்டுக்குப் போய் வந்து, ராத்திரி 12 மணி வரை விழித்திருப்பார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் 2. உடனே ‘எனக்குச் சரியாகவே ஆகாது’ என்று நோட்டை மூடிவிடுவார்கள். அது மதகை ஒரேயடியாகத் திறந்ததன் விளைவு, அவ்வளவுதான். நல்ல நாளில் வழக்கத்தைவிடக் கால் பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்.

வெளியேற்றத்தில் எதையெல்லாம் எழுதுவது? தூங்காத இரவு, சாப்பிடாத வேளை, குடி, போனில் பழைய படங்களை ஒரு மணி நேரம் புரட்டியது, ‘இன்னுமா அழுதுட்டு இருக்க’ என்று கேட்டுப்போன ஆள். ஆளின் பேரையும் எழுதுங்கள், நோட்டு உங்களுடையது. குடி தூக்கத்தைக் கொடுப்பது போலத் தெரிந்தாலும் பின்னிரவில் எழுப்பிவிடும். காபி, டீ மாலை 3 மணியோடு போதும். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். படுத்து இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படுக்கலாம். சோறு இறங்கவில்லையா, உளுந்தங்கஞ்சி அரை டம்ளர் வீதம் நாலு வேளை.

மூன்று வாரம் போனதும் ஏற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றலாம். அணையைப் பாருங்கள். பள்ளத்தாக்கு அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். கீழே ஓர் அடி ஏற்றிய தண்ணீர் மேலே கால் அடிகூட ஏற்றாது. வரத்து தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

துட்டி வீட்டுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டில் ஆள் இருக்கும், சோறு வெளியிலிருந்து வரும். பதினேழாம் நாள்தான் வெறும் வீடு. உறவினர்கள் உட்கார்ந்து, 17-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாள் வரை யார் எந்தக் கிழமை வருவது என்று பிரித்துக்கொண்டால், எத்தனையோ ஆறுதல் வார்த்தையைவிட அது பெரிது. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பதில் பயனில்லை. துவண்டு கிடப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. ‘மதினி, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன், வாய்க்கா வரைக்கும் நடந்துட்டு வருவோம்’ என்று நேரம் சொல்லுங்கள், சொன்னபடி போய் நில்லுங்கள். பிறகு காலண்டரை எடுத்து மாதத் திதி, ஆடி அமாவாசை, தை அமாவாசை, தீபாவளி, இறந்தவர் பிறந்தநாள் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நாட்களில் மட்டம் இறங்கும். முன்பே தெரிந்திருந்தால் பயம் குறையும், அன்றைக்குத் துணைக்கு ஆளும் ஏற்பாடு செய்யலாம்.

குறுக்குவழியைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கிவிடலாம் என்று தோன்றும். ஓடை அருவியாக விழும் இடத்தில் போய் மாட்டிக்கொள்வோம். வீட்டை விற்பது, வேலையை விடுவது, அவசரமாக இன்னொரு கல்யாணம் பேசுவது எல்லாம் அந்த ரகம். இரவு மட்டம் 5-க்குக் கீழே இருக்கும்வரை கையெழுத்து எதுவும் போட வேண்டாம்.

நோட்டு மட்டும் போதாத நிலையும் உண்டு. மனம் சோர்ந்தோ, எதிலும் நாட்டமில்லாமலோ, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரம் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு அன்றாட வேலை நின்றுபோனால் மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். பத்து நிமிடத்தில் வாயால் சொல்ல முடியாததை அது காட்டிவிடும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை சொல்லலாம். மாத்திரை எழுதினால் பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். குமட்டல் போன்ற தொந்தரவு முதல் வாரமே வரலாம். பலர் நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்தும்போதும் தாமிரபரணியில் தண்ணீர் கூடுவதுண்டு, மழை பெய்தது மலையில். மாத்திரையும் அப்படித்தான், பெய்த இடமும் தெரியும் இடமும் வேறு. குணமான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கணக்கு, வாரம் எதையும் பார்க்காமல் அன்றைக்கே பேசுங்கள்: அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மானஸ்), அல்லது மருத்துவ உதவி எண் 104. இலவசம், தமிழில் பேசலாம். கூட இருப்பவர்கள் பூச்சிமருந்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, ஆளைத் தனியே விடாமல் இருக்க வேண்டும். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

இரவு மட்டம் மூன்று வாரம் தொடர்ந்து 7-க்கு மேல் நின்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரி எழுதினால் போதும். நோட்டைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வையுங்கள். வருஷத் திதிக்குப் பத்து நாள் முன்னால் எடுத்து, வரத்துப் பத்தியை மட்டும் ஒருமுறை வாசித்துவிட்டு, மறுபடி தினமும் ஒரு வரி எழுதத் தொடங்குங்கள்.