துருவை எடுக்கப் போய் இரும்பையே கெடுக்கும் தவறுகள்

துருவேறிய தாழ்ப்பாளோ கீலோ கைக்கு வந்தவுடன் பலருடைய கண் முதலில் போவது கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலின் மேல்தான். ஊற்றினால் நுரைக்கிறது, சற்று நேரத்தில் சிவப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் இரும்பு பளிச்சென்று தெரிகிறது. வேலை முடிந்ததென்று அப்படியே திண்ணையில் காய வைத்துவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் அதே தாழ்ப்பாளில் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படர்ந்திருக்கும், முன்பு சுத்தமாக இருந்த இடங்களிலும்கூட. வீட்டில் துரு எடுக்கும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அவசரமே வேர் என்பதால் இதை முதலில் பார்த்துவிடலாம்.

அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைப்பதோடு நிற்காது, அடியிலுள்ள நல்ல இரும்பையும் தின்னும். அதைவிடக் கெடுதல், கழுவிய பிறகும் நுண்ணிய குழிகளில் தங்கிவிடும் குளோரைடு உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடலோர ஊர்களில் சன்னல் கம்பிகள் சீக்கிரம் அரிப்பதும் இதே குளோரைடால்தான். மூடிய அறைக்குள் ஆசிட்டைப் பயன்படுத்தினால், அதன் ஆவி அங்கிருக்கும் அரம், ரம்பம், உளி எல்லாவற்றிலும் துருவை ஏற்றிவிடும். ஸ்பிரிங், கத்தி அலகு போன்ற கடினப்படுத்திய எஃகுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். பார்க்க நன்றாக இருக்கும் ஸ்பிரிங், பிறகொரு நாள் அழுத்தம் தாங்காமல் படக்கென்று ஒடிந்துபோகும். ஆசிட் ஊற்றிய இடத்தையோ வாளியையோ பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது உயிருக்கே ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலமே வீட்டு வேலைக்குப் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கணக்கு. ஆனால் இதிலும் தவறுகள் நடக்கின்றன. முதலாவது, எண்ணெய்ப் பிசுக்கோடு ஊறப்போடுவது. பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் படாது. மற்ற இடம் அரிக்கும். சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே ஊறப்போட வேண்டும். இரண்டாவது, ‘கிடக்கட்டும்’ என்று நாள் கணக்கில் விட்டுவிடுவது. மெல்லிய அமிலமும் நல்ல இரும்பைக் கரைக்கும். மரை தேய்ந்து நட்டு வழுக்கத் தொடங்கும். மணிக்கு ஒருமுறை எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்து, போதுமென்றால் நிறுத்திவிட வேண்டும். எலுமிச்சையோடு கல் உப்பு சேர்த்தால் வேகமாகப் போகும் என்ற யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேகமாகப் போவது உண்மைதான். ஆனால் எந்தக் குளோரைடுக்குப் பயந்து ஆசிட்டைத் தவிர்த்தோமோ, அதையே உப்பின் வழியாகக் கையால் அள்ளிப் போடுகிறோம். ஊறவைக்கும் பாத்திரத்தை இறுக மூடவும் கூடாது. உள்ளே வாயு சேரும்.

ஊறப்போடும் முன்பே, கையிலிருப்பது என்ன உலோகம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு காந்தம் போதும். பித்தளை மாதிரி மின்னும் கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. உரசத் தொடங்கினால் முலாம் போய்விடும், திரும்ப வராது. உண்மையான பித்தளை துருப்பிடிக்காது. அதில் படரும் பச்சை களிம்பு. புளி போட்டுத் தேய்த்தாலே போகும். ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. ஆணி இவற்றின் மேலிருப்பது துத்தநாகப் பூச்சு. அதில் வெள்ளை மாவு போலத் தெரிவது துத்தநாகம் அரித்ததன் அடையாளம். அமிலத்தில் போட்டால் இரும்பைக் காத்துவந்த அந்தப் பூச்சு முழுவதும் கரைந்துவிடும். எவர்சில்வர் குழாயை இரும்பு நாரால் தேய்ப்பதும் இந்த வகைத் தவறுதான். நாரின் இரும்புத் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். எவர்சில்வரே துருப்பிடித்தது போலத் தோன்றும்.

பழைய பூட்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இன்னும் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கிறது. உள்ளே அடுக்கடுக்காக நெம்புத் தகடுகளும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். இதை முழுதாக அமிலத்தில் மூழ்கடித்தால் வெளியே பளபளக்கும். உள்ளே புகுந்த அமிலத்தைக் கழுவி எடுக்க வழியில்லை, ஸ்பிரிங் அரித்து ஒடியும். சாவியைப் போட்டு இடுக்கியால் திருகுவது அடுத்த தவறு. சாவி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். சாவித் துவாரத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு, பூட்டைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் சாய்த்து ஓரிரவு வைத்தால் உள்ளிருக்கும் அழுக்கு கறுப்பாக இறங்கி வரும். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் செய்யக் கூடாது. பிறகு சாவியை மெல்ல முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே அழுத்தாமல் திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். திறந்த மகிழ்ச்சியில் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுவோரும் உண்டு. மார்கழிக் குளிரில் உறையும் எண்ணெய் அது. தூசியோடு சேர்ந்து பிசினாகும். பென்சில் முனையைச் சீவிய தூளைத் துவாரத்தில் போடுவது நல்லது.

இறுகிய நட்டைப் பலத்தைக் காட்டித் திருகுவதும் பொறுமையில்லாததால் வரும் சேதம்தான். துரு, தான் உருவான இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மரைக்குள் நட்டு அப்படிப் பிடித்துக்கொள்கிறது. துருவை இளக்கும் எண்ணெயை விட்டு, சுத்தியலால் பக்கங்களில் லேசாகத் தட்டி, ஓரிரவு விட்டு, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்துப் பிறகு கழற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். எண்ணெய் விட்ட நட்டை உடனே நெருப்பில் காட்டக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ளதை எப்போதுமே நெருப்பில் காட்டக் கூடாது; அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. கேட் கம்பிக்குச் சரி. பழைய கதவுக் கீலுக்கோ கைவேலை உளிக்கோ கூடாது. கொல்லர் அடித்த முத்திரை, சுத்தியல் பட்ட தடம் எல்லாவற்றையும் அது சில நொடிகளில் மழித்துவிடும். பழைய இரும்பில் படிந்திருக்கும் கெட்டியான கருமை பெரும்பாலும் கேடு செய்யாதது, ஓரளவு காப்பதும்கூட; உதிரும் சிவப்பை மட்டும் எடுத்தால் போதும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர வைத்துத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பதே பாதுகாப்பு. பிரஷ்ஷிலிருந்து தெறிக்கும் கம்பிகள் கண்ணைக் குறிவைத்தது போல வரும். கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது.

பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் துரு நீக்கும் முறை நல்லது. செய்பவர்கள் மூன்றை மறக்க வேண்டாம்: தண்ணீரில் போட வேண்டியது சலவை சோடா, சமையல் உப்பு அல்ல, பொருளை எதிர்முனையில்தான் இணைக்க வேண்டும், நேர்முனையில் சாதாரண இரும்புத் துண்டு இருக்க வேண்டும், எவர்சில்வர் போட்டால் நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்தவெளியில் செய்யுங்கள்.

துரு போன பிறகு வரும் அரைமணி நேரத்தைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, அடுப்பின் சிறு அனலில் காட்டி ஈரம் முழுவதும் போன கையோடு தையல் மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். பெயின்ட் அடிப்பதானால் எண்ணெய் வேண்டாம். அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஏற வேண்டும். உதிரும் துருவின் மேல் நேராக பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்பளிக்கும். துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்களில் சில டானின் அமிலத்தால் வேலை செய்பவை. கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு பிறக்கும் அதே வினைதான். துரு முழுவதும் போன இரும்பில் அதைப் பூசுவது வீண். அதற்கு வினைபுரியத் துருவே வேண்டும்.

சமையலறை இரும்புக்கு மேலே சொன்ன மண்ணெண்ணெய், மிஷின் எண்ணெய், துரு மாற்றும் திரவம் எதுவும் ஆகாது. துருப்பிடித்த தோசைக்கல்லில் கல் உப்பும் நல்லெண்ணெயும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். மிகவும் மோசமென்றால் புளிக்கரைசல் சிறிது நேரம். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கல் சொரசொரப்பாகிவிடும். உப்பு தங்காமல் வெந்நீரில் கழுவி, உடனே அடுப்பில் ஏற்றிக் காயவைத்து, எண்ணெய் தடவிப் புகையும்வரை சூடாக்க வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்து, முதல் சில நாட்களுக்கு அதில் புளிப்பான பண்டம் எதையும் வைக்காமல் தோசை மட்டும் வார்த்துவந்தால் கல் மறுபடி பழகிவிடும்.