ஓங்கில் எப்போது துள்ளும்? கரையிலிருந்தே கணக்கெடுப்பது எப்படி

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ ஃபைபர் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களிடம் ஓங்கில், அதாவது டால்பின், எப்போது அதிகம் துள்ளும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் விடியற்காலை என்பார், இன்னொருவர் பொழுது சாயும்போது என்பார், மூன்றாமவர் தை மாசி என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அவரவர் கடலில் இருந்த நேரத்தில் கண்டதைச் சொல்கிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தான் கடலில் இல்லாத நேரத்தில் டால்பின் என்ன செய்தது என்று யாரும் சொல்ல முடியாதே.

அதனால் ஒரே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒன்றுமே தெரியாத நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். என் முதல் வருட நோட்டு முழுக்கப் பார்த்த நாட்கள் மட்டும்தான் இருந்தன, வெறுங்கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய காலைகள் ஒன்றுகூட இல்லை. பிறகு உட்கார்ந்து மாதக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது, அது நான் கடற்கரைக்குப் போன மாதங்களின் கணக்கு, ஓங்கிலின் கணக்கே இல்லை. அந்த ஒரு வருடத்தை எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.

சரி, எங்கே உட்காருவது? உயரம் முக்கியம். மணலில் நின்று பார்த்தால் கண் உயரம் ஒன்றரை மீட்டர்தான், அடிவானம் சுமார் 4.5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 10 மீட்டர் உயர மாடியில் ஏறினால் அதே அடிவானம் 11 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். கடலைப் பார்த்த வீட்டு மொட்டை மாடி யாருடையதாவது கிடைத்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே இடத்தை மாற்றாமல் வைத்திருங்கள், இன்று மாடி நாளை மணல் என்று போனால் இரண்டையும் ஒப்பிட முடியாது. பைனாகுலர் 7 மடங்கோ 8 மடங்கோ பெரிதாக்குவது போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் கடலே ஆடும்.

அடுத்தது வெயில். நம் கரை கிழக்குப் பார்த்த கரை, காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை சூரியன் நேரே கண்ணுக்குள் அடிக்கும், தண்ணீர் முழுக்கத் தகதகவென்று இருக்கும், பக்கத்தில் ஒரு கூட்டம் போனாலும் தப்பிவிடும். மதியத்துக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடுவதால் தெளிவாகத் தெரியும். இதை மட்டும் வைத்தே ஓங்கில் சாயங்காலத்தில்தான் அதிகம் துள்ளுகிறது என்று நாம் முடிவு கட்டிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் அதே மதியத்தில் கடற்காற்று ஏறும், அலை நுனியில் வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும், ஒவ்வொரு நுரையும் துள்ளல் மாதிரியே கண்ணை இழுக்கும். காற்று மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டினால் அங்கங்கே நுரை வந்துவிடும். நான் செய்வது இதுதான்: நுரை ஆங்காங்கே இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு தொடர்வேன், கடல் முழுக்க நுரையாகிவிட்டால் அந்த நேரத்தைப் பார்வை நேரத்தில் சேர்க்காமல் எழுந்து வந்துவிடுவேன். கண்கூசும் பக்கத்தையும் எழுதிவைக்க வேண்டும், "கிழக்கு முழுக்க வெளிச்சம், வடகிழக்கு நன்றாகத் தெரிகிறது" என்கிற அளவுக்குப் போதும்.

நேரத்தை எழுதும்போது கடிகார மணியோடு, சூரியன் உதித்து எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதுங்கள். புதுச்சேரியில் ஜனவரியில் சூரியன் ஆறரை மணி சுமாருக்கு உதிக்கிறது, ஜூன் தொடக்கத்தில் 5.40 சுமாருக்கே உதித்துவிடுகிறது. ஏறத்தாழ 50 நிமிட வித்தியாசம். கடிகாரத்தை மட்டும் நம்பினால் மாதத்துக்கு மாதம் மாறுவதுபோல் தோன்றுகிற பழக்கம், சூரியனோடு சேர்த்துப் பார்த்தால் மாறாமலே இருக்கலாம்.

சூரியனோடு ஓங்கிலுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால், நீள்மூக்குச் சுழல் ஓங்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் எழும்பிப் பம்பரம் மாதிரி சுற்றுவது அதுதான், ஒரே எழும்பலில் ஏழு சுற்று வரைகூடச் சுற்றும். ஹவாய்த் தீவின் கியலக்கெகுவா விரிகுடாவில் ஆய்வாளர் கென்னத் நாரிஸும் அவரோடு இருந்தவர்களும் பல வருடம் கூர்ந்து பார்த்து எழுதியது இது: இரவில் ஆழத்திலிருந்து சிறு மீனும் இறாலும் கணவாயும் மேலே ஏறி வரும், ஓங்கில் கூட்டம் இரவெல்லாம் அவற்றைத் தின்றுவிட்டு விடிந்ததும் ஆழமில்லாத விரிகுடாவுக்குள் ஓய்வெடுக்க வரும். வரும்போது கொஞ்சம் துள்ளல், நடுப்பகலில் கிட்டத்தட்ட அமைதி, பிற்பகலில் தூக்கம் கலைந்து திரும்பக் கடலுக்குக் கிளம்பும் முன் துள்ளல் மீண்டும் ஏறும். கிளம்பலாமா வேண்டாமா என்று கூட்டம் முன்னும் பின்னும் அலையும், எல்லாரும் தயாராகும் வரை சுழலும், பிறகுதான் வெளியேறும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஆனால் நம் கரை அளவுகோல் வைத்து இழுத்த கோடு மாதிரி இருக்கிறது, அந்த மாதிரி ஒதுக்குப்புறமான விரிகுடா இங்கே கிடையாது. அதனால் ஹவாய்க் கணக்கைக் கொண்டுவந்து கடலூரில் ஒட்டாதீர்கள். அதை ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்: நடுப்பகலில் இங்கேயும் துள்ளல் குறைகிறதா? அதைப் பார்க்க வேண்டுமென்றால் 11 மணி வெயிலிலும் உட்கார வேண்டும். கஷ்டம்தான், ஆனால் அந்த நேரத்தை விட்டுவிட்டால் நோட்டில் நடுவே ஓட்டை விழுந்துவிடும்.

எல்லா ஓங்கிலும் ஒன்று இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். முதுகுத் துடுப்புக்குக் கீழே திமில் மாதிரி மேடு உள்ள கூன் ஓங்கில் கரையோரத்தில், ஆற்று முகங்களை ஒட்டித் திரிவது, மூக்கை முதலில் வெளியே நீட்டி மெதுவாக எழும், அவ்வளவாகத் துள்ளாது. முதுகுத் துடுப்பே இல்லாத சிறு கடற்பன்றி துள்ளுவது அபூர்வம். எது என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், ஊகித்து எழுதினால் எல்லாக் கணக்கும் குழம்பும்.

துள்ளலையும் வகை பிரிக்க வேண்டும். தலை முதலில் நீருக்குள் போய்ச் சத்தமில்லாமல் இறங்குவது ஒன்று, பக்கவாட்டில் பொத்தென்று விழுவது ஒன்று, சுழல்வதும் குட்டிக்கரணம் போடுவதும் ஒன்று, வாலால் தண்ணீரை அறைவது தனி. அர்ஜென்டினாவில் டஸ்கி என்ற வகை ஓங்கிலைக் கவனித்த ஆய்வாளர்களான வூர்சிக் தம்பதி, நெத்திலிக் கூட்டத்தை வளைக்கும்போது ஒரு வகைத் துள்ளலும் தின்று முடித்த பிறகு விளையாட்டுத் துள்ளலும் வருவதைப் பிரித்துக் காட்டினார்கள். அங்கே நெத்திலி வரும் வெயில் காலத்தில்தான் அந்த ஆட்டம் அதிகம். ஆகவே மீன் கூட்டத்துக்கு அடையாளமாக ஆலாப் பறவைகள் மேலே வட்டமிட்டுப் பாய்கின்றனவா என்று ஒரு சொல்லாவது பக்கத்தில் எழுதுங்கள். ஒரே ஓங்கில் அடுத்தடுத்துப் பத்துத் தடவை சுழலும், அதைப் பத்து ஓங்கில் என்று எண்ணிவிடாதீர்கள். "ஒரு வரிசை, 10 சுழல்" என்று எழுதினால் போதும். கூட்டத்தில் குத்துமதிப்பாக எத்தனை என்பதும் வேண்டும், 5 ஓங்கில் 20 தடவை துள்ளுவதும் 100 ஓங்கில் 20 தடவை துள்ளுவதும் வேறு வேறு கதை.

பருவத்துக்கு வருவோம். தை, மாசி, பங்குனியில் கடல் அமைதி, பார்ப்பது சுலபம். சித்திரை வைகாசியில் சோழகம், அதாவது தென்காற்று, அடிக்கும். ஆனி ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று கரையிலிருந்து வீசுவதால் காலையில் கரையோரம் தட்டையாக இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் என்றால் யாரும் கடலுக்குப் போகவே கூடாது, கரையிலும் நிற்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், இரைச்சல் குறையும், தகவல் சொல்லும் ஆட்களும் குறைவார்கள். அந்த 61 நாளை நோட்டில் தனி நிறத்தில் கோடு போட்டு வையுங்கள்.

கணக்கு இப்படி: மாசியில் 20 மணி நேரம் பார்த்து 40 துள்ளல் என்றால் மணிக்கு 2. ஐப்பசியில் 3 மணி நேரம் மட்டும் பார்க்க முடிந்து 6 துள்ளல் என்றால் அதுவும் மணிக்கு 2. வெறும் 40, 6 என்று பார்த்தால் ஐப்பசியில் ஓங்கிலே இல்லை என்பீர்கள். நாளுக்கும் அதே வகுத்தல்தான், உதயத்துக்குப் பின் முதல் இரண்டு மணி, அடுத்த இரண்டு மணி என்று பிரித்து ஒவ்வொன்றையும் பார்த்த நேரத்தால் வகுக்க வேண்டும்.

படகில் போனால் கூட்டத்தைத் துரத்தாதீர்கள், நடுவே விட்டுப் பிரிக்காதீர்கள். இஞ்சின் சத்தத்துக்கு விலகுவதும் படகின் முன்னலையில் விளையாட வருவதும் உங்கள் கணக்கையே மாற்றிவிடும். ஹவாயில் 2021 முதல் சுழல் ஓங்கிலுக்கு 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள் போகவே தடை. நம் நாட்டில் ஓங்கில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நேரத்தையும் இடத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

தொழிலுக்குப் போகும் அண்ணன் யாராவது கூடச் சேர்ந்தால் அவரிடம் ஒரு கேள்வியை மட்டும் தினமும் கேளுங்கள்: "அண்ணே, இன்னைக்கு எத்தனை மணிக்குப் போனீங்க, எத்தனை மணிக்கு வந்தீங்க?" ஓங்கில் பார்த்தாரா என்பதை அதற்குப் பிறகு கேட்கலாம்.