நீலகிரிக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு: வெயில், வெந்நீர், அந்த டியூப்

டிசம்பர் லீவுக்கு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் கோயம்புத்தூரில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு, மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறிவிடுகிறார்கள். நாலாம் நாள் குன்னூரில் என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்து, "இங்க வெயிலே இல்லையே டாக்டர், முகம் எப்படி இப்படிக் கருத்துப் போச்சு?" என்று கேட்கிறார்கள்.

வெயில் இருக்கிறது, உறைக்கவில்லை, அவ்வளவுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2,637. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கூடும். அதோடு நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரியில் இருக்கிறோம், டொராண்டோ இருப்பது 43 டிகிரிக்கு மேலே. குளிர்காற்று தோலைத் தடவிக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது, மப்பும் மூடுபனியும் கதிரை முழுசாகத் தடுக்காது. நம் மாநிறத் தோல் வெள்ளைக்காரர் தோல் மாதிரி பளிச்சென்று சிவக்காது, ஆனால் விழுந்த கருமை போக மாசக்கணக்கில் ஆகும்.

ஆகவே எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ரெண்டு விரல் நீளம், கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், பெரும்பாலானோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். காது, புறங்கை, பின்கழுத்தையும் மறக்காதீர்கள். டாக்ஸியில் கண்ணாடி ஏற்றியிருந்தாலும் யுவிஏ என்கிற புற ஊதாக் கதிர் உள்ளே வரும். மங்கு இருக்கிற அக்காமார்கள் அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீனாகக் கொண்டுவாருங்கள், வெறும் வெளிச்சமே மங்கைக் கூட்டும் என்பதால்.

அடுத்தது வெந்நீர். காட்டேஜுக்குள் நுழைந்ததும் கீசரைப் போட்டு அரை மணி நேரம் ஆவி பறக்கக் குளித்தால் சுகமாகத்தான் இருக்கும், மறுநாள் காலில் மீன் செதில் மாதிரி வரிவரியாக வெடித்து அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷம், சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் போதும். துண்டால் ஒற்றிவிட்டு ஈரம் காய்வதற்குள் க்ரீமோ தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். ஊட்டிக் குளிரில் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துபோயிருக்கும், குளிக்கப் போகும்போதே பாட்டிலை வெந்நீர் மக்கில் நிறுத்திவைத்தால் வெளியே வரும்போது உருகியிருக்கும். எக்சிமா என்கிற அரிப்புத் தோல்நோய் உள்ள பிள்ளைக்கு அங்கே பழகிய க்ரீமையே எடுத்து வாருங்கள், கம்பளி ஸ்வெட்டருக்கு உள்ளே ஒரு காட்டன் பனியனும் போட்டுவிடுங்கள்.

இனி அந்த டியூப். மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்றால் பல இடங்களில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். ஸ்டீராய்டு க்ரீமைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதுதான், கேட்டால் கிடைக்கிறதே. படர்தாமரைக்குப் பூசினால் ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. வட்டமாக இருந்தது உருமாறிப் பரவி, பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். முகம் வெளுக்க என்று பூசுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பரு வந்து, நிறுத்தினால் முகமே எரிகிறது. இதை அஞ்சு, ஆறு டியூபாகப் பெட்டியில் வைத்து அக்கா தங்கைக்குக் கொண்டுபோகிறீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. டியூபின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஸ்டீராய்டு பெயர் போட்டிருந்தால் டாக்டர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

தைலமும் அப்படித்தான், பார்த்து வாங்குங்கள். யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தையின் முகத்திலும் மூக்கிலும் நேராகத் தடவக் கூடாது. விண்டர்கிரீன் தைலம் ஒரு டீஸ்பூன் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து, பூட்டி வையுங்கள்.

மழைக்காலத்தில் சோலைக்காட்டிலும் எஸ்டேட் ஓரத்திலும் அட்டை ஏறும். நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திப் பிடியுங்கள். அது விடுகிற எச்சிலால் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு. புல்லிலும் புதரிலும் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது ஸ்க்ரப் டைஃபஸ். காய்ச்சலோடு ஒரு பையனை அழைத்துவந்தார்கள், "குளிர் ஒத்துக்கல போல" என்றார் அவன் அம்மா. இடுப்பு எலாஸ்டிக்கை இறக்கிப் பார்த்தால் பயறு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு, சிகரெட் சுட்ட மாதிரி, சுற்றிலும் சிவப்பு. வலிக்காததால் அவனுக்கே தெரியவில்லை. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்த ரெண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும், பெனிசிலின் வகை மருந்து இதற்குக் கேட்காது.

புல்வெளியில் படுக்காதீர்கள், முழு பேண்ட் போட்டு சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், அறைக்கு வந்ததும் துணி மாற்றிக் குளித்துவிட்டு அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். ஊர் திரும்பி மூணு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அங்குள்ள டாக்டர் முதலில் மலேரியா, டெங்குவைத்தான் தேடுவார். தமிழ்நாட்டு மலையில் புல்வெளியில் நடந்தேன் என்று சொல்லி, ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பெயரையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், பொருக்கு இருந்தால் காட்டுங்கள்.