√−4 × √−9: கற்பனை எண்களைப் பெருக்கும்போது நான் சறுக்கிய இடம்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் பெண்ணோடு உட்கார்ந்து கணக்குப் போடுவேன். பதினொன்றாம் வகுப்பில் கலப்பெண்கள் (சாதாரண எண்ணும் கற்பனை எண்ணும் சேர்ந்தவை) பாடம் வந்ததும் √−4 × √−9-க்கு விடை 6 என்று சொல்லிக்கொடுத்தேன். சரியான விடை −6. தப்பு எங்கே என்று பிடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று.

மைனஸ் எண்ணின் வர்க்கமூலம்தான் கற்பனை எண்; √−1-ஐ 𝑖 என்று எழுதுவோம். மனதில் இருக்க வேண்டியது 𝑖² = −1. மற்றபடி சாதாரண அல்ஜீப்ராதான். 3𝑖 × 5𝑖 = 15𝑖² = −15. 2𝑖(4 − 3𝑖) = 8𝑖 − 6𝑖² = 6 + 8𝑖.

வர்க்கமூலக் குறி வந்தால் மட்டும் நிதானம் வேண்டும். உள்ளே மைனஸ் இருந்தால், பெருக்குவதற்கு முன்பே அதை 𝑖 ஆக்கி வெளியே எடுத்துவிடுங்கள். √−4 என்பது 2𝑖, √−9 என்பது 3𝑖. அப்புறம் பெருக்குங்கள்: 6𝑖², அதாவது −6. நான் இரண்டையும் ஒரே மூலக்குறிக்குள் தள்ளி √36 என்று எழுதியிருந்தேன். இரண்டுமே மைனஸ் எண்களாக இருந்தால் அப்படிச் சேர்க்கக் கூடாது. ஒன்று மட்டும் மைனஸ் என்றால் பாதகமில்லை. √−4 × √9-ஐ எப்படிப் போட்டாலும் 6𝑖தான். அதனால்தான் இந்தத் தப்பு சுலபத்தில் கண்ணில் படுவதில்லை. கணித மேதை ஆய்லரின் 1770-ஆம் ஆண்டு அல்ஜீப்ரா நூலிலேயே √−1 × √−4 = 2 என்று இருக்கிறது (வர வேண்டியது −2)!

𝑖-இன் அடுக்குகளுக்கு, அடுக்கை 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 𝑖²⁷-க்கு மீதி 3, ஆகவே 𝑖³ = −𝑖.

காசியோ எஃப்எக்ஸ்-991 கால்குலேட்டரில் கலப்பெண் வசதி உண்டு. ஆனாலும் நான் கிராஃப் நோட்டைத்தான் சொல்வேன். கிடைக்கோட்டில் சாதாரண எண்கள், செங்குத்துக்கோட்டில் 𝑖 எண்கள். பென்சிலின் அடியை மையப்புள்ளியிலும் கூர்முனையை வலப்பக்கம் 3-இலும் வையுங்கள். 𝑖-ஆல் பெருக்குவது என்றால் பென்சிலை இடப்பக்கமாக 90 பாகை திருப்புவது. கூர் நேர் மேலே 3𝑖-க்குப் போகும். இன்னொரு தடவை திருப்பினால் −3. என் பெண்ணுக்கு 𝑖² = −1 புரிந்தது இந்தப் பென்சிலால்தான்.

சேர்ப்பு: இதைப் படித்த இருவர் (−𝑖)² ஏன் 1 ஆகாது என்று கேட்டார்கள். மைனஸும் சேர்ந்து வர்க்கமாகிறது, (−1)² × 𝑖² = −1. அடைப்புக்குறி இல்லாத −𝑖²தான் 1.

இப்போது √−3 × √−12 போட்டுப் பாருங்கள். −6 வர வேண்டும். 6 வந்தால், மைனஸை வெளியே எடுக்காமல் பெருக்கியிருக்கிறீர்கள்.