கோரம் பத்து, வருவது பன்னிரண்டு பேர்: சங்கம் உள்ளிருந்து கைமாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஒரு சங்கத்தைப் பிடிக்கப் பெரும்பான்மை தேவையில்லை. 400 உறுப்பினர் உள்ள சங்கத்தில் கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆட்கள்) 10, மாதக் கூட்டத்துக்கு 12 பேர்தான் வருகிறார்கள் என்றால், தவறாமல் வரும் 7 பேர் போதும். பிரிட்டனின் லேபர் கட்சிக்குள் மிலிட்டன்ட் என்ற தீவிர இடதுசாரிக் குழு வேர் விட்டது பெரும்பாலும் இப்படித் தூங்கிக் கிடந்த கிளைகளில்தான். 1964-இல் ஒரு பத்திரிகையாகத் தொடங்கிய குழு அது. 1975-இல் கட்சியின் மூத்த அலுவலர் ரெஜ் அண்டர்ஹில் அந்தக் குழுவைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்தார். செயற்குழு அதைக் கிடப்பில் போட்டது. 1983-இல் லிவர்பூல் மாநகராட்சியை லேபர் வென்றபோது, அங்கே பிடி இந்தக் குழுவின் கையில் இருந்தது.

ஆகவே முதல் வேலை பைலாவில் (சங்க விதிகளில்)தான், அதுவும் சண்டை வருவதற்கு முன்பே. புது உறுப்பினருக்கு வாக்குரிமை சேர்ந்த 6 மாதம் கழித்து என்று வையுங்கள். இரண்டு வருடம் என்று நீட்டினால் நீங்களே ஒரு கோஷ்டி ஆகிவிடுவீர்கள். வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு 30 நாள் முன்பு மூடி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். செயற்குழுவை மொத்தமாக மாற்றாமல் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு பதவிக்கு மட்டும் தேர்தல் வையுங்கள்; ஒரே கூட்டத்துக்கு ஆள் திரட்டி வந்து எல்லாவற்றையும் கைப்பற்ற முடியாது.

கூட்டம் நடத்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 6 மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஒழுங்குப் பிரச்சினை, திருத்தத்துக்குத் திருத்தம் என்று இழுபடும். குழந்தை உள்ளவர்கள், கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். பத்தேகாலுக்கு முக்கியத் தீர்மானம் வரும். இதற்கு மருந்து எளிது: முடியும் நேரத்தை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள், 8.30-க்குப் பிறகு வாக்கெடுப்பு கிடையாது; அஜெண்டாவில் இல்லாத பொருளுக்கு வாக்கெடுப்பே கிடையாது; ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்பு தலையை எண்ணி மினிட்ஸில் எழுதுங்கள். தொடக்கத்தில் கோரம் இருந்தது என்பது முடிவில் இருந்ததற்குச் சாட்சி ஆகாது.

வாக்குச்சீட்டு இன்னொரு ஓட்டை. பிரிட்டன் மின்தொழிலாளர் சங்கத்தில் கம்யூனிஸ்ட் தலைமை 1959 பொதுச்செயலாளர் தேர்தலில் மோசடி செய்ததை 1961-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. எதிர்த்தரப்புக் கிளைகளின் முடிவுகள் தாமதமாக வந்தன என்று தள்ளப்பட்டிருந்தன. உண்மையில் உறைகளை மாற்றி, பிந்திய தேதி முத்திரை விழும்படி மறுபடி தபாலில் போட்டிருந்தார்கள். வாக்குச்சீட்டை அச்சடிப்பவர், அனுப்புபவர், திரும்பப் பெறுபவர், எண்ணுபவர் எல்லாம் ஒரே அலுவலகம் என்றால் இது நடக்கும். கொடுத்ததையும் மீதியையும் கூட்டினால் அச்சடித்த எண்ணிக்கை வர வேண்டும்; திரும்பியது கொடுத்ததைத் தாண்டக் கூடாது. கிளையிலேயே எண்ணி, முடிவை அங்கேயே அறிவித்து, நகலை இரு தரப்புக்கும் கொடுத்துவிட்டால் வழியில் எதுவும் மாறாது.

சந்தேகம் எப்போது நியாயம்? பத்து விண்ணப்பம் ஒரே கையெழுத்தில், சந்தா ஒரே ஜிபே எண்ணிலிருந்து வந்தால் கேளுங்கள். மூன்று கிளைகளிலிருந்து எழுத்துப் பிசகாமல் ஒரே தீர்மானம் வந்தாலும் கேளுங்கள். ஆனால் ஒருவர் காரசாரமாக எதிர்த்துப் பேசுகிறார் என்பதற்காக "ஊடுருவல்" என்று முத்திரை குத்தாதீர்கள். கருத்தை நிரூபித்துத் தண்டிக்க முடியாது, அமைப்பை நிரூபிக்கலாம். தனி உறுப்பினர் பட்டியல், தனிச் சந்தா, சம்பள ஊழியர், நம் கூட்டத்துக்கு முன்பு தனிக் கூட்டம் போட்டு எடுக்கும் கட்டாய முடிவு: இவைதான் ஆதாரம். 1982-இல் லேபர் கட்சி, உள்குழுக்கள் பதிந்துகொள்ள வேண்டிய பதிவேட்டைக் கொண்டுவந்தது இந்த வழியில்தான். 1983 பிப்ரவரியில் மிலிட்டன்ட் ஆசிரியர் குழுவில் ஐந்து பேரை நீக்கினார்கள். தலையை வெட்டியும் கிளைகள் அப்படியே இருந்தன என்பது வேறு விஷயம்.

நீக்க வேண்டி வந்தால் அவசரப்படாதீர்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதிலுக்கு 14 நாளாவது விடுங்கள். விசாரித்தவர் தீர்ப்பளிக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. 1986 மார்ச்சில் லிவர்பூல் மிலிட்டன்ட்காரர்களை விசாரிக்க லேபர் செயற்குழு கூடியபோது, விசாரணைக் குழுவில் இருந்தவர்கள் தீர்ப்பில் பங்கேற்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சமிருந்தவர்களில் ஏழு பேர் எழுந்து போனார்கள். கோரம் உடைந்தது, கூட்டம் கலைந்தது. அவர்களில் ஒருவரான, லிவர்பூல் மாநகராட்சியின் துணைத் தலைவராக இருந்த டெரிக் ஹாட்டனை நீக்க ஜூன் வரை ஆயிற்று. எனவே விசாரணைக்கு மூன்று பேருக்கு மேல் போடாதீர்கள். அவர்களைக் கழித்தபின் கோரம் தேறுமா என்று முன்பே எண்ணிப் பாருங்கள்.

தீர்ப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, மின்னஞ்சல் கடவுச்சொல்லின் நகல் இன்னொரு நிர்வாகியிடம், வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று அட்மின், மினிட்ஸ் புக்கின் ஒவ்வொரு பக்கமும் போட்டோவாக. இவற்றைப் பிரச்சினை இல்லாத நாளிலேயே செய்துவிட்டால், யார் மேலும் சந்தேகப்பட்டுச் செய்ததாக ஆகாது.