ஆல்பம் பதிவு: மதுரை ராக் பேண்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மிக்ஸிங்ல பாத்துக்கலாம்ணே.” ஸ்டுடியோவில் அதிகம் காதில் விழும் வசனம் இது. டிரம்மர் தாளத்தைக் கொஞ்சம் முந்திவிட்டார், பேஸ் கிதார் சுருதி இறங்கியிருக்கிறது, பாடகருக்கு மேல் சுரம் எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பதிவான சத்தங்களை ஒன்றாகக் கலந்து சேர்ப்பதுதான் மிக்ஸிங். அதைச் செய்பவர் இருப்பதை மெருகேற்றுவார். வாசிக்காததை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? பெரும்பாலான ஆல்பங்கள் ஸ்டுடியோவில் கெடுவதில்லை. பிராக்டிஸ் அறையிலேயே கெட்டுப்போய்த்தான் ஸ்டுடியோவுக்கு வருகின்றன.

முதலில் டெம்போ, அதாவது பாட்டின் வேகம். கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடையில் கூட்டம் கத்தக் கத்தப் பாட்டின் வேகம் ஏறும், அங்கே யாருக்கும் கவலையில்லை. பதிவில் அது அப்பட்டமாகத் தெரியும். பிராக்டிஸை போனில் பதிவு செய்து, மெட்ரோனோம் ஆப்பில் தட்டிப் பாருங்கள். நிமிஷத்துக்கு 120 பீட்டில் தொடங்கிய பாட்டு கோரஸ் வரும்போது 128இல் நிற்கும். எந்த வேகம் என்று வீட்டிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். அப்புறம் டிரம்மர் சில வாரங்களாவது கிளிக்கோடு, அதாவது காதில் ஒலிக்கும் மெட்ரோனோம் தட்டோடு, வாசித்துப் பழகட்டும். கிளிக்கே வேண்டாம் என்றாலும் தப்பில்லை, சில பாட்டுகள் அப்படித்தான் உயிரோடு இருக்கும். அதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாடகரின் சுருதியும் அப்படித்தான். கிதாரில் கை வைக்க வசதி என்பதற்காக ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, பாடகரை அதில் தொங்கவிடும் பேண்டுகள் நிறைய. மேடையில் கத்திச் சமாளித்த உச்ச சுரத்தை மைக் முன்னால் பத்துத் தடவை பாடச் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்ளும். ஸ்கேலை அரைக் கட்டை இறக்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. குரல் பதிவைக் கடைசி நாள் ராத்திரிக்குத் தள்ளுவது இன்னொரு வழக்கம். அதற்கென்று தனி நாள் ஒதுக்குங்கள். அன்றைக்கு ஜிகர்தண்டா வேண்டாம், பதிவு முடிந்த பிறகு ஆளுக்கு ரெண்டு குடிக்கலாம்.

ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். நம்ம ஊர்ப் பக்கம் பல சிறிய ஸ்டுடியோக்கள் பக்திப் பாடல், விளம்பரம், டப்பிங் வேலைகளுக்காகக் கட்டப்பட்டவை. ஒரு குரல், ஒரு கீபோர்டு என்றால் அருமையாக வரும். முழு டிரம் செட்டை உள்ளே வைத்தால் அறையே அதிரும். நேரில் போய், டிரம் செட்டின் ஸ்னேர் டிரம்மை ஒரு தட்டுத் தட்டிக் கேளுங்கள். எத்தனை மைக்கை ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியும் என்றும் கேளுங்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இன்டர்பேஸில் நாலு சானல்தான் என்றால் எட்டு மைக் போட முடியாது. டிரம்ஸை மட்டும் இரண்டு நாள் சென்னையில் எடுத்துவிட்டு மற்றதை இங்கே முடிப்பது என் கணக்கில் நல்ல யோசனை. நாள் குறிக்கும் முன் காலண்டரையும் பாருங்கள். முகூர்த்த நாள், சித்திரைத் திருவிழா, ஆடி மாசக் கூழ் ஊற்றல் என்று தெருவில் ஸ்பீக்கர் கட்டினால், கீச்சென்ற மேல் சுரச் சத்தத்தைக் கதவு தடுக்கும். பேஸ் சத்தம் சுவர் வழியாகவே உள்ளே வந்துவிடும்.

கிதார்காரர்கள் கம்பியைப் பதிவன்று காலையில் மாற்றக் கூடாது. முந்தின நாளே மாற்றி, இழுத்துவிட்டு, படிய விட வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டில் (கட்டையில்) கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக நிற்கிறதா என்று டியூனரில் பாருங்கள். நிற்கவில்லை என்றால் திறந்த கம்பி சரியாக இருந்தாலும் மேலே போகப் போக அபசுரம்தான். மே மாச வெயிலில் வண்டியில் கொண்டுவந்த கிதாரை ஏசி அறைக்குள் வைத்த உடனே டியூன் செய்து பயனில்லை. அரை மணி நேரம் உறைக்கு வெளியே கிடக்கட்டும். டிஸ்டார்ஷனையும் மேடையில் வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். கனமான சத்தம் வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் வைப்பார்கள். ஒரு தடவை வாசித்துப் பதிந்த அதே டேக்கை காப்பி அடித்து இரண்டு பக்கமும் போட்டால் சத்தம் கூடும், அகலம் வராது.

ஆம்பில் ‘உம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் அண்ணன் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். தயவுசெய்து கேட்காதீர்கள். கிதார் கம்பிகள் ஆம்பின் உலோக உடம்போடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கசிவு இருந்தால், வாசித்துக்கொண்டே மைக்கில் உதடு படும் நேரத்தில் மின்சாரம் உங்கள் வழியாகப் பாயும். உயிர் போகிற விஷயம் இது. எல்லாக் கருவிகளுக்கும் கரண்டை ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள், கிதாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைப் போடுங்கள், விளக்கு டிம்மரை அணையுங்கள். பாதி இரைச்சல் அதிலேயே போய்விடும்.

மதுரை பேண்ட் என்றால் ஒரு பாட்டிலாவது நையாண்டி மேளம் வைக்க ஆசை வரும், வர வேண்டியதுதான். ஆனால் கிதாரில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசி நாளில் நாதஸ்வரக்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவருடைய கருவி இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டை என்று ஒரு சுருதிக்குச் செய்தது. நீங்கள் இ ஸ்கேலில் பதிவு செய்து வைத்திருந்தால் அவர் என்ன செய்வார்? பாட்டை அமைக்கும்போதே அவரோடு உட்காருங்கள். நாதஸ்வரத்தின் ஊதும் நாக்கான சீவாளியை நனைத்து, கொஞ்ச நேரம் ஊதிக் கருவி சூடேறிய பிறகு எங்கே நிற்கிறது என்று பார்த்து, கிதாரை அதற்கு டியூன் செய்யுங்கள். தவிலை அதே அறையில் சேர்த்து எடுக்க வேண்டாம், எல்லா மைக்கிலும் தவில்தான் கேட்கும்.

பதிவு அளவைச் சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றுவதும் தேவையில்லை. 24 பிட் தரத்தில் பதிவு செய்தால், மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தாலே போதும். டிஜிட்டலில் ஒரு தடவை உடைந்த சத்தம் உடைந்ததுதான். மிக்ஸிங்குக்குப் பிறகு செய்யும் கடைசி மெருகான மாஸ்டரிங்கில் சத்தத்தை நசுக்கி ஏற்றச் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரி அளவு) என்ற மட்டத்துக்குச் சரிசெய்துதான் ஒலிக்கவிடும். நசுங்கினது மட்டும் மிச்சம்.

யூடியூபில் ஆள் வருவார்கள் என்று ஒரு புது சினிமாப் பாட்டைத் தாங்களே பாடி ஆல்பத்தில் சேர்ப்பவர்கள், காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 31சி பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி வாங்கவில்லை என்றால், அந்தப் பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அப்போதும் முன்னறிவிப்பும் முன்பணமாக ராயல்டியும் உண்டு. சொந்தப் பாட்டுகளுக்கு யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது, யாருக்கு எத்தனை பங்கு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் பதிவு செய்த மென்பொருளின் முழு செஷன் ஃபைலையும், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வேவ் ஃபைலையும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள். எம்பி3 மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தால் போதாது. வாங்கியதை அங்கேயே ஒரு லேப்டாப்பில் திறந்து, எல்லா டிராக்கும் ஒலிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிறகு இன்னொரு காப்பியை வேறு ஒருவர் வீட்டில் வையுங்கள்.